ஏட்டில் ஏறாத வாயில்கள்

கைப்பேசியில் உள்ள செயலி எதுவும் தனித்து நின்று தொழிற்படுவதன்று. திரையில் ஓர் எழுத்தைக் காட்ட வேண்டினும், ஒளிப்படம் ஒன்றைப் பிடிக்க வேண்டினும், அச்செயலி இயங்குதளத்தை அழைத்து இன்னது செய்து தருக என்று கேட்டாக வேண்டும். அங்ஙனம் கேட்பதற்கென வகுக்கப்பட்ட பெயர்களும் முறைகளும் அடங்கிய தொகுதியே நிரல் இடைமுகம் எனப்படுவது. மாணவர் நாவில் இது ஏபிஐ என வழங்குகின்றது. இவற்றுள் ஒரு பகுதியை இயங்குதள நிறுவனமே கையேடாக எழுதி உலகறிய வெளியிடுகின்றது. மற்றொரு பகுதி எந்தக் கையேட்டிலும் இடம்பெறுவதில்லை. ஆயினும் அது கருவிக்குள் இருக்கின்றது. அழைத்தால் மறுமொழியும் தருகின்றது. கையேட்டில் ஏறாத இவ்வாயில்களைத் தேடிக் காண்பது தகுமா, தகாதா என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட வினா.

தகும் என்பது என் கருத்து. ஆனால், அங்ஙனம் கண்டதன்மீது பிறர் பயன்படுத்தும் பொருளைக் கட்டியெழுப்பி, அதனை அவர்க்குச் சொல்லாமல் கைக்கொடுப்பது தகாது என்பதும் என் கருத்தே. இவ்விரண்டையும் பிரித்தறியாது ஒன்றாக வைத்து ஏசுவோரும் உளர். ஒன்றாக வைத்துப் புகழ்வோரும் உளர். கைப்பேசியின் உள்ளே எட்டிப் பார்க்கும் இளைஞனைக் கண்டால் நம் வீட்டுப் பெரியோர்க்குக் கள்வனைக் கண்ட கலக்கம் வந்துவிடுகின்றது. அவன் நண்பர்களுக்கோ அவன் ஒரு மாவீரன். உண்மை இவ்விரண்டுக்கும் சற்று எட்டத்தே உள்ளது.

தமிழ்த்துறை மலரில் இப்பொருள் எதற்கு என்று வினவுவாரும் இருக்கக்கூடும். கணினி அறிவியல் பயிலும் மாணவரும் பகுதி ஒன்றுக்குரிய தமிழ்ப் பாடத்திற்கு எம் வகுப்பறைகளில்தான் அமர்கின்றனர் என்பது ஒரு விடை. அதனினும் பொருந்திய விடை வேறொன்று உண்டு. நூல் செய்வார்க்குரிய உத்திகள் முப்பத்திரண்டு என்று தொல்காப்பியமும் நன்னூலும் தொகுத்துரைக்கின்றன. வெளிப்படக் கூறாத ஒன்றைக் கூறியவற்றைக் கொண்டு கற்பான் உய்த்துணருமாறு விடுவதும் அவற்றுள் ஒன்று. இயல்தோறும் இறுதியில் புறனடை நூற்பா ஒன்றை அமைத்து, இங்கே சொல்லாதவற்றையும் இவ்வழி கொள்க என்று வாயில் திறந்து வைப்பது நம் இலக்கண நூலாரின் வழக்கம். உரையாசிரியர்கள் தம் வாழ்நாளைச் செலவிட்டது அவ்வாயிலின் வழியே உட்புகுந்துதான். எனவே, எழுதப்பட்டதைக் கொண்டு எழுதப்படாததை அறியும் கலை தமிழ் மாணவனுக்குப் புதியதன்று.

மறைந்தவை வெளிப்படும் வகை

ஆப்பிள் நிறுவனம் 2007ஆம் ஆண்டு சனவரியில் ஐஃபோனை அறிவித்து, சூன் இறுதியில் விற்பனைக்குக் கொணர்ந்தது. அன்று அக்கருவியில் வெளியார் எழுதிய செயலியை நிறுவுதற்கு வழியே இல்லை. நிரலர்கள் விரும்பினால் இணையப் பக்கங்களாகத் தம் ஆக்கங்களை அமைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் கூறப்பட்டது. ஆகவே, வெளியாரைப் பொறுத்தவரை அக்காலத்தில் அதன் உள்ளிருந்த இடைமுகங்கள் யாவுமே ஏட்டில் ஏறாதவை எனலாம். ஆர்வலர் சிலர் பூட்டை நெகிழ்த்து உட்புகுந்து, பெயர்களைத் தொகுத்து, கையேடு ஏதுமின்றியே செயலிகளை எழுதத் தலைப்பட்டனர். அவ்வாண்டு அக்டோபரில் ஸ்டீவ் ஜாப்ஸ் நிரலர்க்குரிய கருவித்தொகுதி வழங்கப்படும் என்று அறிவித்தார். அது 2008 மார்ச்சில் வெளிவந்தது. சூலையில் ஆப் ஸ்டோர் திறக்கப்பட்டது. முதலில் ஆர்வலர் இருளில் தடவிக் கண்டவற்றுள் ஒரு பகுதி பின்னர் ஒளியில் எழுதி வைக்கப்பட்டது என்பது இவ்வரலாற்றின் சுருக்கம்.

கையேடு இல்லாமல் பெயர்களை எவ்வாறு அறிந்தனர்? இதற்கு விடை ஐஃபோன் நிரல்கள் எழுதப்பட்ட மொழியின் இயல்பிலேயே உள்ளது. பிராட் காக்ஸ், டாம் லவ் என்னும் இருவர் 1980களின் தொடக்கத்தில் உருவாக்கிய அப்ஜெக்டிவ்-சி என்னும் நிரல்மொழியில், ஒரு பொருள் மற்றொரு பொருளுக்குச் செய்தி அனுப்பும் முறையிலேயே வேலைகள் நடைபெறுகின்றன. எச்செய்திக்கு எச்செயல் என்பது நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான், அச்செய்தியின் பெயரைக் கொண்டு, தீர்மானிக்கப்படும். பழைய சி மொழியில் நிரல் இயந்திரமொழியாக மாறியபின் உட்பெயர்கள் பெரும்பாலும் தேவையற்றுப் போகும், நீக்கிவிடவும் இயலும். இங்கோ பெயரை அழித்தால் செய்தி போய்ச்சேராது. ஆதலின் பெயர்கள் அத்தனையும் கோப்பினுள் அப்படியே கிடக்கின்றன. கிளாஸ்-டம்ப் என்னும் கருவி அவற்றை வரிசையாக எடுத்து எழுதித் தந்துவிடும். அன்றியும், வெளியார்க்குரிய சட்டகங்கள் ஓர் உறையிலும், நிறுவனத்தின் தனிச்சட்டகங்கள் மற்றோர் உறையிலுமாக அக்கருவியிலேயே பெயர் சூட்டி வைக்கப்பட்டுள்ளன. தனக்கேயுரிய முறைகளின் பெயர்முன் அடிக்கோடு ஒன்றை இடுவதும் ஆப்பிளின் வழக்கம். பூட்டிய அறையின் கதவிலேயே உள்ளிருக்கும் பொருளின் பட்டியலை ஒட்டிவைத்தது போன்ற நிலை இது.

ஆண்ட்ராய்டின் கதை வேறு. அதன் மூலநிரலே பொதுவில் வெளியிடப்படுகின்றது. எழுதப்படாதது என்று அங்கே எதனையும் முற்றாகச் சொல்ல இயலாது. வெளியார்க்கு உரியதல்லாத முறையின் மேலே ஹைடு என்னும் ஒரு குறியை இடுவர். அக்குறி உள்ளவை நிரலர்க்கு வழங்கப்படும் கருவித்தொகுதியிலிருந்து விலக்கப்படும். ஆயினும் கைப்பேசியில் அவை இருந்துகொண்டே இருக்கும். ஜாவா மொழியில் ரிஃப்ளெக்ஷன் என்றொரு வசதி உண்டு. ஒரு முறையின் பெயரைச் சொற்றொடராகக் கொடுத்து, அப்பெயருடையதைத் தேடி அழைக்க அது துணைபுரியும். அதைக் கொண்டு மறைந்திருந்ததை எளிதில் அழைக்கலாம். பல்லாண்டுகள் இங்கே மறைத்தல் என்பது ஒரு திரைச்சீலை அளவினதாகவே இருந்தது.

இங்கே ஒன்றனை அழுத்திச் சொல்ல வேண்டும். இவ்வழிகளில் கிடைப்பது பெயரே. அம்முறைக்கு எத்தனை உள்ளீடுகள், அவை எண்ணா எழுத்தா என்பனவும் கிடைக்கலாம். ஆனால் அந்த எண் எதனைக் குறிக்கின்றது, எந்நிலையில் அதனை அழைத்தல் கூடாது, ஒருமுறை அழைத்தபின் எதனை விடுவிக்க வேண்டும், நாளை அது இருக்குமா என்பவை பெயருள் அடங்கா. சங்கச் செய்யுளில் அருஞ்சொல் ஒன்றைக் கண்டு, அது வரும் இடங்களையெல்லாம் தொகுத்து, ஒப்பிட்டு, பொருள் இதுவாகலாம் என்று துணிகின்றோம் அல்லவா? அதே முறையில்தான் மாணவன் இங்கும் இயங்க வேண்டியுள்ளது. தன் கருவியில், தன் செலவில், பிழைபட்டால் கருவி மீண்டும் தொடங்கும் என்பதை அறிந்தே, ஒவ்வொன்றாய் அழைத்துப் பார்க்கின்றான். இதனைக் கல்வி என்று சொல்லாமல் வேறெதனைச் சொல்வது? தேர்வுக்கெனக் கையேட்டின் பக்கங்களை மனனம் செய்பவனைவிட இவன் இயங்குதளத்தைப் பன்மடங்கு அறிந்தவனாக வெளிவருகின்றான்.

நிறுவனத்தார் பக்கத்து நியாயம்

மறைப்பதில் நிறுவனத்தார்க்கும் நேர்மையான காரணம் உண்டு என்பதை மறுத்தல் ஆகாது. வெளியிட்ட இடைமுகம் ஒரு வாக்குறுதி. அதனை நம்பி ஆயிரக்கணக்கானோர் எழுதிவிட்டபின் மாற்றுதல் அரிது. வெளியிடாதது பட்டறையின் உள்ளே கிடக்கும் உளி போன்றது. கைக்கேற்பத் தீட்டிக்கொள்ளலாம், தேய்ந்தால் எறிந்துவிடலாம்.

எளிய எடுத்துக்காட்டு ஒன்று காண்போம். ஆண்ட்ராய்டில் முகப்புத்திரைச் செயலிகளை எழுதியோர், விரலை ஓரிடத்தில் இழுத்தால் அறிவிப்புப் பலகை கீழே இறங்க வேண்டும் என்று விரும்பினர். அதற்குக் கையேட்டில் வழியில்லை. உள்ளே எக்ஸ்பாண்டு என்ற பெயரில் ஒரு முறை இருப்பதைக் கண்டு அதனை அழைத்தனர். 2012ஆம் ஆண்டின் இறுதியில் 4.2ஆம் பதிப்பு வந்தபோது அப்பெயர் எக்ஸ்பாண்டு நோட்டிஃபிகேஷன்ஸ் பேனல் என்று நீண்டுவிட்டது. பழைய பெயரை மட்டும் அறிந்த செயலிகளில் அவ்வசதி வேலை செய்யாது போயிற்று. பதிப்பு எண்ணைப் பார்த்து இப்பெயர் அல்லது அப்பெயர் என்று இரண்டையும் எழுதிவைக்க வேண்டியதாயிற்று. பெயரை மாற்றியவர் யார்க்கும் அறிவிக்கக் கடமைப்பட்டவர் அல்லர். ஏனெனில் அவர் யார்க்கும் எவ்வாக்கும் கொடுத்திலர்.

இத்தகைய முறிவுகள் பெருகவே, 2018 ஆகஸ்டில் வெளிவந்த ஆண்ட்ராய்டு 9இல் கூகுள் திரைச்சீலையை எடுத்துவிட்டுக் கதவையே அமைக்கத் தொடங்கியது. மறைந்திருந்த இடைமுகங்கள் பட்டியலிடப்பட்டன. சிலவற்றை அழைத்தால் பிழையே விடையாகக் கிடைத்தது. சிலவற்றிற்கு எச்சரிக்கையோடு தவணை கொடுக்கப்பட்டது. எல்லாவற்றையும் ஒருசேர மூடாமல், எவை மிகுதியும் பயன்படுகின்றன என்று பார்த்து, மாற்று வழி அமைத்தபின் மூடுவது என்னும் அம்முறை எனக்கு ஒப்புடையதாகவே தோன்றுகின்றது. வேண்டாத அழைப்புகளைத் துண்டிக்கும் செயலிகளை இங்கு நினைக்கலாம். அவை நெடுங்காலம் அழைப்பை முடிக்கும் மறைமுறை ஒன்றையே ரிஃப்ளெக்ஷன் வழி நம்பியிருந்தன. ஆண்ட்ராய்டு 9இலேயே அழைப்பை முடிப்பதற்கு எழுதப்பட்ட முறை ஒன்று வழங்கப்பட்டது. அடுத்த பதிப்பில் அதுவும் பின்னுக்குத் தள்ளப்பட்டு, அழைப்புகளை வடிகட்டுவதற்கென்றே அமைந்த வேறொரு வழி பரிந்துரைக்கப்பட்டது என்பது தனிச்செய்தி.

ஐஓஎஸ் இயங்குதளத்திலும் இதுபோன்ற வரலாறு உண்டு. திரையில் தோன்றுவதை அப்படியே படமாக எடுக்கும் ஒரு மறைமுறையை 2009ஆம் ஆண்டின் இறுதியில் ஆப்பிள் நிரலர்க்கு அனுமதித்தது. மறு ஆண்டு ஐஓஎஸ் 4இல் எழுதப்பட்ட மாற்றுவழி வந்தவுடன் அவ்வனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. தேவையை ஒப்புக்கொண்டு, இடைக்கால வழியும் விட்டு, பின்னர் முறைப்படுத்திய இச்செயலில் குறை காண்பதற்கில்லை.

பயனாளிக்கு நேரும் கேடு

மறைவாயில் என்பது வசதிக்கு மட்டும் வழியாயிருந்தால் இத்துணை எழுத வேண்டியதில்லை. 2015 அக்டோபரில் வெளிப்பட்ட ஒரு செய்தியைப் பார்ப்போம். சோர்ஸ்டிஎன்ஏ என்னும் ஆய்வு நிறுவனம் ஆப் ஸ்டோரில் இருந்த செயலிகளின் நிரலை ஆராய்ந்தபோது, 256 செயலிகள் ஐஃபோனின் தனி இடைமுகங்களை மறைவாக அழைத்து வந்தமையைக் கண்டது. அச்செயலிகள் யாவற்றிலும் சீனத்து யோமி என்னும் விளம்பர நிறுவனத்தின் நிரல்தொகுப்பு இணைக்கப்பட்டிருந்தது. கைப்பேசியில் நிறுவப்பட்டுள்ள செயலிகளின் பட்டியல், கருவியின் வரிசை எண், பயனாளியின் ஆப்பிள் கணக்கிற்குரிய மின்னஞ்சல் முகவரி முதலியவற்றை அது திரட்டித் தன் வழங்கிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அச்செயலிகள் ஏறத்தாழ பத்து இலட்சம் முறை பதிவிறக்கப்பட்டிருக்கும் என்று அவ்வாய்வு நிறுவனம் மதிப்பிட்டது. ஆப்பிள் அவற்றை நீக்கியது.

இதில் நம் மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டியது மற்றொன்று. செயலிகளை எழுதியோருள் பெரும்பாலார் இக்களவை அறிந்திலர் என்றே அவ்வாய்வாளர் கருதினர். விளம்பர வருவாய்க்கென ஒரு தொகுப்பை வாங்கி இணைத்தனர். அது மூலநிரலாக அன்றி இயந்திரமொழியாகவே, அதுவும் பெயர்கள் குழப்பி எழுதப்பட்ட நிலையில் வழங்கப்பட்டது. திரட்டப்பட்ட செய்திகளும் அவர்களிடம் வராமல் விளம்பர நிறுவனத்திற்கே சென்றன. ஆப்பிள் தனி இடைமுகங்களைத் தடைசெய்திருந்தது உண்மைதான். செயலிகளை நுழைவாயிலில் ஆராய்ந்ததும் உண்மைதான். ஆனால் தடைசெய்யப்பட்ட பெயரைத் துண்டு துண்டாக வெட்டி வைத்து, நிரல் ஓடும்போது ஒட்டிச் சேர்க்கும் எளிய உத்திகளுக்கு முன் வாயிற்காவல் தடுமாறிற்று.

இறுதியாண்டில் செயற்றிட்டம் செய்யும் மாணவர் இன்று எழுதுவது குறைவு, இணைப்பது மிகுதி. அங்கொரு தொகுப்பு, இங்கொரு தொகுப்பு என்று எடுத்துக் கோத்து, இரண்டு கிழமையில் செயலி ஒன்றை முடித்துவிடுகின்றனர். வேகத்தைப் பாராட்டத்தான் வேண்டும். எனினும் தான் இணைத்த தொகுப்பு உள்ளே யாரை அழைக்கின்றது என்று ஒருமுறையேனும் திறந்து பார்த்தவர் எத்தனை பேர்? மறைந்த இடைமுகங்களை ஆராயத் தெரிந்தவனுக்கே இது கைகூடும். யோமியின் செயலைக் கண்டவர்களும் அதே ஆராய்ச்சித் திறனால்தான் கண்டனர். கள்வன் கற்ற கலையைக் காவலன் கற்கக்கூடாது என்று விலக்கி வைப்போமாயின் களவு மட்டுமே மிஞ்சும்.

ஒரு கண்ணுக்கு நெய்யும் ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பும்

இனி என் மனத்தை மிகவும் உறுத்தும் பகுதிக்கு வருகின்றேன். மாறும் பொருள் என்பதற்காக மறைத்தல் ஒன்று. தன் சரக்கு முன்னிற்க வேண்டும் என்பதற்காக மறைத்தல் வேறொன்று. பின்னதற்கு நாம் எந்த நியாயமும் கற்பிக்க வேண்டியதில்லை.

இச்சிக்கல் கைப்பேசிக்கு முற்பட்டது. ஆண்ட்ரூ ஷுல்மனும் அவருடைய நண்பர்களும் 1992இல் விண்டோஸின் எழுதப்படாத இடைமுகங்களைத் தொகுத்து நூலாகவே வெளியிட்டனர். இயங்குதளம் செய்பவரே அதன்மீது இயங்கும் செயலிகளையும் விற்பாராயின், தம் செயலிக்கு மட்டும் உள்வழி வைத்துக்கொள்ள மாட்டாரா என்னும் வினா அன்றே எழுந்துவிட்டது. அமெரிக்க அரசு மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின்மீது 1998இல் தொடுத்த வழக்கு 2002 நவம்பரில் தீர்ப்பாக முடிந்தபோது, அந்நிறுவனத்தின் சில மென்பொருள்கள் விண்டோஸை அழைக்கப் பயன்படுத்தும் இடைமுகங்களைப் பிறர்க்கும் வெளியிட வேண்டும் என்பது அதன் கட்டளைகளுள் ஒன்றாயிற்று. ஐரோப்பிய ஆணையம் 2004இல், பிற நிறுவன வழங்கிகள் விண்டோஸோடு இணைந்தியங்கத் தேவையான செய்திகளை மறைத்தமையையும் ஒரு குற்றமாகக் கொண்டு, 49 கோடி யூரோவுக்கு மேற்பட்ட தண்டத்தை விதித்தது.

கைப்பேசிக்கு வந்தபின் நிகழ்ந்தவை சில. 2008 நவம்பரில் கூகுள் தன் ஐஃபோன் செயலியில், கருவியைக் காதருகே உயர்த்தியவுடன் பேச்சைக் கேட்கத் தொடங்கும் வசதியை அமைத்தது. அதற்கு ஏட்டில் இல்லாத முறையொன்றைப் பயன்படுத்தியமையைத் தானே ஒப்புக்கொண்டது. 2017 அக்டோபரில் மற்றொன்று வெளிப்பட்டது. ஊபர் செயலிக்கு மட்டும் திரையின் நினைவகத்தை அணுகும் தனி உரிமை ஒன்றை ஆப்பிளே வழங்கியிருந்தது. ஆப்பிள் கைக்கடிகாரத்திற்கான பழைய பதிப்பில் நிலப்படம் காட்டுதற்கு அது வேண்டியிருந்தது என்றும், இனி அதனை நீக்குவதாகவும் ஊபர் விளக்கியது. விளக்கம் மெய்யாகவே இருக்கலாம். ஆனால் ஊரில் எல்லார்க்கும் இல்லாத திறவுகோல் ஒருவர் கையில் இருந்தது என்பதைப் பயனாளி எவரும் அறிந்திலர். அதனை வெளிக்கொணர்ந்தவர் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர்.

எஃப்.லக்ஸ் என்னும் மென்பொருளின் கதை இன்னும் எண்ணத்தக்கது. இரவில் திரையின் நீல ஒளியைக் குறைத்துக் கண்ணுக்கு இதமாக்கும் இம்மென்பொருள் 2009 முதல் கணினிகளில் வழங்கி வந்தது. ஐஃபோனில் திரை முழுவதன் நிறத்தையும் மாற்றுவதற்கு ஏட்டில் உள்ள வழி ஏதுமில்லை. ஆதலின் 2015 நவம்பரில் அதன் ஆசிரியர்கள் ஆப் ஸ்டோரைச் சாராமல், பயனாளி தாமே தம் கணினிவழி நிறுவிக்கொள்ளுமாறு அதனை வெளியிட்டனர். ஆப்பிள் மறுப்புத் தெரிவிக்கவே, உடனே நிறுத்திக்கொண்டனர். 2016 மார்ச்சில் ஐஓஎஸ் 9.3 வெளிவந்தது, அதில் நைட் ஷிஃப்ட் என்ற பெயரில் அதே பயனுடைய வசதியை ஆப்பிள் தானே அமைத்திருந்தது. இரண்டிற்கும் காரண காரியத் தொடர்பு கற்பிக்க நான் முன்வரவில்லை. அது முன்னரே பட்டறையில் இருந்திருக்கலாம். ஆயினும் வெளியார்க்கு அவ்வாயில் திறக்கப்படவில்லை என்பதும், உள்ளார்க்கு அது எப்பொழுதும் திறந்தே இருந்தது என்பதும் கண்கூடு.

பணப்பரிமாற்றத்திற்குரிய அண்மைப்புலத் தொடர்பு வசதியும் அவ்வாறே. 2014இல் வந்த ஐஃபோன் 6இல் அதற்குரிய சில்லு இருந்தது. ஆனால் கடையில் தட்டிப் பணம் செலுத்தும் வழி ஆப்பிளின் சொந்தச் சேவைக்கு மட்டுமே உரியதாயிருந்தது. பிறர் அச்சில்லைத் தொடுவதற்கு 2017 வரை காத்திருந்தனர். அப்போதும் குறிப்பட்டைகளைப் படிக்க மட்டுமே இசைவு கிடைத்தது. 2024 சூலையில் ஐரோப்பிய ஆணையத்திடம் ஆப்பிள் அளித்த உறுதிமொழி சட்டப்படி பிணிப்புடையதாக்கப்பட்ட பின்னரே அங்கே பிற பணச்செயலிகளுக்கும் அவ்வாயில் திறந்தது. பத்தாண்டுகள்!

தமிழுக்கும் இக்கதையில் ஒரு பங்குண்டு. பயனாளி தாம் விரும்பும் விசைப்பலகையைக் கைப்பேசி முழுமைக்கும் நிறுவிக்கொள்ள ஆண்ட்ராய்டு 1.5 பதிப்பு 2009ஆம் ஆண்டிலேயே இடமளித்தது. ஐஃபோனில் அவ்விடைமுகம் 2014 செப்டம்பரில் ஐஓஎஸ் 8 வந்தபோதுதான் வெளியார்க்கு எழுதி வழங்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் தமிழ் விசைப்பலகை செய்வோர் தம் செயலிக்குள்ளேயே தமிழை எழுதச் செய்து, அதனைப் படியெடுத்து வேறிடத்தில் ஒட்டுமாறு பயனாளியை வேண்டுவதன்றி வேறு செய்ய இயலவில்லை. ஆப்பிள் தானே தமிழ் விசைப்பலகையை 2013இல் ஐஓஎஸ் 7இல் சேர்த்தது என்பதையும் நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனால் பெருமொழி பேசுவோர்க்கு நிறுவனம் தானே முன்வந்து செய்துவிடும். சிறுமொழியாளர்க்குத் தாமே செய்துகொள்ளும் வாயில்தான் உயிர்நாடி. அவ்வாயில் ஏட்டில் உளதா இலதா என்பது மொழி பற்றிய சிக்கலும் ஆகின்றது.

சட்டம் கூறுவது

நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் இப்பொருளில் வியப்பூட்டும் தெளிவுடையது. 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உரிமை மீறலாகக் கொள்ளப்படாத செயல்களைத் தொகுத்துக் கூறுகின்றது. முறைப்படி ஒரு கணினி நிரலைப் பெற்றவர், தாம் தனியே எழுதிய நிரல் அதனோடு இணைந்தியங்குதற்கு இன்றியமையாத செய்தியை அறியும்பொருட்டுச் செய்வனவும், அச்செய்தி வேறு வழியில் எளிதிற் கிடைக்காதாயின், அத்தொகுதியுள் அடங்கும். நிரலின் அடிப்படைக் கருத்துகளை அறியும்பொருட்டு அதன் இயக்கத்தை நோக்கியும் ஆய்ந்தும் பார்த்தலும் அவ்வாறே. எட்டிப் பார்ப்பவனைக் கள்வன் என்போர் இப்பிரிவை ஒருமுறை படித்தல் நலம். அதேவேளையில் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, உடையவர் இசைவின்றிப் பிறர் கருவியுள் புகுவதைக் குற்றமாக்குகின்றது. தன் கைப்பேசியைத் திறந்து பார்ப்பவனுக்கும் தோழன் கைப்பேசியைத் திறந்து பார்ப்பவனுக்கும் இடையே உள்ள கோடு இதுவே. இனி, நிறுவனத்தோடு நிரலர் செய்துகொள்ளும் உடன்படிக்கை தனி. எழுதப்படாத இடைமுகத்தைப் பயன்படுத்திய செயலியை ஆப் ஸ்டோரில் ஏற்க மறுக்கும் உரிமை ஆப்பிளுக்கு அதன்வழி உண்டு.

நிறுவனத்தாரின் கடமையைப் பற்றி நம் நாட்டில் நடந்தது முழு மகிழ்ச்சிக்கு உரியதன்று. இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் ஆண்ட்ராய்டு தொடர்பாகக் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. பிளே சர்வீசஸ் என்னும் கூகுளின் இடைமுகங்களைப் போட்டியாளர்க்கும் செயலி செய்வோர்க்கும் ஊறு நேருமாறு மறுத்தல் கூடாது என்பதும் அவ்வாணையின் கட்டளைகளுள் ஒன்று. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தண்டத்தை உறுதிசெய்தது. ஆனால் நான்கு கட்டளைகளை நீக்கியது. நீக்கப்பட்டவற்றுள் இதுவும் ஒன்று. பணத்தைக் கட்டுவது பெருநிறுவனத்திற்கு ஒரு பொருட்டன்று. வாயிலைத் திறக்கச் சொல்லும் கட்டளையே உண்மையான கட்டளை என்பது என் எண்ணம். ஐரோப்பியர் அவ்வழியில் செல்கின்றனர். 2022இல் நடைமுறைக்கு வந்த அவர்களது மின்னியல் சந்தைகள் சட்டத்தின்கீழ், ஆப்பிள் தன் கைக்கடிகாரத்திற்கும் செவிப்பேசிக்கும் அளிக்கும் இணைப்பு வசதிகளைப் பிறர் கருவிகளுக்கும் அளிக்குமாறு 2025 மார்ச்சில் ஆணையம் விரித்துரைத்தது. ஆப்பிள் அதனை எதிர்த்து நீதிமன்றம் சென்றது. பாதுகாப்புக் கெடும் என்பது ஆப்பிளின் வாதம். யோமியின் செயலை மேலே சொன்னவன் என்ற முறையில் அவ்வாதத்தை நான் எள்ளி ஒதுக்க மாட்டேன். ஆயினும் இசைவு கேட்டு, பயனாளி கண்காண நிகழும் எழுதப்பட்ட வாயிலைக் காட்டிலும் எழுதப்படாத வாயில் எவ்வகையில் பாதுகாப்பானது என்பதற்கு இதுவரை நிறைவான விடை எனக்குக் கிடைக்கவில்லை.

மாணவர் செய்யக்கூடுவது ஒன்று உண்டு. ஆண்ட்ராய்டின் பதிப்புதோறும் எவ்விடைமுகம் எந்நிலையில் உள்ளது என்னும் பட்டியலைக் கூகுள் ஒரு கோப்பாகவே வெளியிட்டு வருகின்றது. திறந்தவை, ஆதரவில்லாதவை, இன்ன பதிப்போடு முடிபவை, தடுக்கப்பட்டவை என்று அவை வகுக்கப்பட்டுள்ளன. ஒரு மறைமுறைக்கு மாற்று இல்லாவிடின், இது வெளியார்க்கும் எழுதி வழங்கப்பட வேண்டும் என்று காரணம் காட்டி வேண்டுகோள் விடுக்கவும் வழி வைத்துள்ளனர். அடுத்தடுத்த இரு பதிப்புகளின் பட்டியலை எடுத்து ஒப்பிட்டு, எவை மூடப்பட்டன, அவற்றுள் எவற்றுக்கு மாற்று வந்தது, எவற்றுக்கு வரவில்லை என்று காண்பது மூன்றாமாண்டு மாணவர் ஒரு பருவத்தில் முடிக்கக்கூடிய பணி. மாற்று வராதவற்றுள் இந்திய மொழிகளின் எழுத்துள்ளீட்டுக்கும் எழுத்துருவுக்கும் தொடர்புடையவை உளவா என்று தேடுவது அதனினும் பயனுடையது. கணினி அறிவியல் துறையினர் இதனை வரும் கல்வியாண்டில் செயற்றிட்டமாக எடுத்துக்கொள்வாராயின், அப்பெயர்களுக்குத் தமிழில் விளக்கக் குறிப்பு எழுதும் வேலைக்கு எம் துறை மாணவர் நால்வரையேனும் அனுப்பி வைக்கின்றேன்.